ரேஷன் அரிசில மிதக்குற அரிசி: பொறுக்கி எறியணுமா, சாப்பிடணுமா?

கேள்வி | 11 நவம்பர் 2024, இரவு 9.15

ரேஷன் புழுங்கல் அரிசிய அம்மா களையும்போது கொஞ்சம் அரிசி மேல மிதக்குது, மத்த அரிசி கலர்லயும் இல்ல, தனியா தெரியுது. பிளாஸ்டிக் அரிசின்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க. அம்மா தினமும் முறத்துல போட்டு பொறுக்கி எறிஞ்சிட்டு தான் உலை வைக்கிறாங்க. இது உண்மைல என்ன? அக்காவுக்கு ஏழாம் மாசம், ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க, அவளுக்கு இந்த சோத்தை போடலாமா?

12 நவம்பர் 2024, காலை 6.40

தம்பி, அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க, அதை எறிய வேணாம். பிளாஸ்டிக் இல்ல, அரிசி மாவு தான். அரிசிய மாவாக்கி அதுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி12 மூணையும் கலந்து, இடியாப்பம் பிழியுற மாதிரி மெஷின்ல பிழிஞ்சு அரிசி சைஸுக்கு நறுக்கி காய வச்சது. நூறு கிலோ சாதா அரிசிக்கு இது ஒரு கிலோ கலக்குறாங்க. பிழிஞ்சு செஞ்சதால எடை கொஞ்சம் லேசு, அதான் சிலது மிதக்குது, நிறமும் ஒட்டாம தெரியுது. செறிவூட்டப்பட்ட அரிசின்னு மூட்டைலயே போட்டிருக்கும், பக்கத்துல ஆங்கில எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் இருக்குற நீலக்கலர் முத்திரை இருக்கும், அடுத்த தடவை கடைக்கு போனா மூட்டைய பாருங்க.

நான் முசிறி பக்கம் சத்துணவு மையத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. எங்க திருச்சி மாவட்டத்துல தான் தமிழ்நாட்டுலயே முதல்ல, 2020ல, இதை சோதனையா ரேஷன்ல விட்டாங்க. மாநிலத்துக்கு ஒரு மாவட்டம்னு 15 மாவட்டம் எடுத்து மத்திய அரசு நடத்துன திட்டம் அது. அப்பவே எங்க தெருவுல நீங்க சொல்ற அதே கதை தான், முறத்தை எடுத்து வச்சிக்கிட்டு சாயங்காலம் பூரா பொம்பளைங்க பொறுக்குவாங்க. எனக்கு அடி வயிறு எரியும். ரத்தம் இல்லாம வெளுத்துப்போன பொண்ணு உக்காந்து, தனக்குன்னு போட்ட இரும்பை தானே பொறுக்கி குப்பைல போடுது.

அக்காவுக்கு தாராளமா போடலாம். ஆனா ஏழாம் மாசத்துல ரத்தம் கம்மின்னா சோறு மட்டும் காணாது, அதை தனியா எழுதுறேன், இப்ப அடுப்புல வேலை இருக்கு.

12 நவம்பர் 2024, இரவு 8.05

அதுக்குள்ள ரெண்டு பேர் வந்து "எரிச்சு பாத்தேன் கருகுது, சோத்தை உருட்டி எறிஞ்சா பந்து மாதிரி துள்ளுது, பிளாஸ்டிக் தான்"னு எழுதியிருக்கீங்க. அண்ணா, எந்த அரிசிய நெருப்புல காட்டினாலும் கருகும், மாவுச்சத்து தானே. கொழகொழன்னு வெந்த சோத்தை இறுக்கி உருட்டினா எந்த சோறும் துள்ளும், அதுல இருக்குற பசை அப்படி. கடைல 60 ரூபா கொடுத்து வாங்குன பொன்னியையும் இதே மாதிரி எரிச்சு உருட்டி பாத்துட்டு வந்து சொல்லுங்க. பிளாஸ்டிக்கா இருந்தா வெந்நீர்ல வெந்து மசியுமா? இந்த அரிசி நல்லாவே வேகும், சாதத்துல எதுன்னு தேடினாலும் சட்டுனு கிடைக்காது.

13 நவம்பர் 2024

இந்த அரிசில எவ்வளவு சத்து வருதுன்னு கணக்கு கேட்டவங்களுக்கு. உணவு பாதுகாப்பு ஆணையம் வச்ச அளவு: கலந்து முடிச்ச அரிசி ஒரு கிலோவுல இரும்பு 28ல இருந்து 42.5 மில்லிகிராம் வரை, ஃபோலிக் ஆசிட் 75ல இருந்து 125 மைக்ரோகிராம், பி12 0.75ல இருந்து 1.25 மைக்ரோகிராம். நாலு பேர் இருக்குற கார்டுக்கு 20 கிலோன்னா தலைக்கு மாசம் 5 கிலோ, ஒரு நாளைக்கு 165 கிராம் சொச்சம். அதுல வர்ற இரும்பு நாலரைல இருந்து ஏழு மில்லிகிராம். சாதா தீட்டின அரிசில அதே அளவுக்கு ஒரு மில்லிகிராம் தான் தேறும். வளர்ந்த பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேணும்னு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 பட்டியல் சொல்லுது. அப்ப தேவைல ஆறுல ஒரு பங்குல இருந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும் இந்த அரிசி தாங்குது. கொஞ்சம்னு சொல்லலாம், ஆனா எந்த முயற்சியும் இல்லாம, யாரையும் கெஞ்சாம, தினமும் தட்டுல வந்து விழுற கொஞ்சம்.

இன்னொண்ணு. இரும்பு பூரா அந்த நூத்துல ஒரு பங்கு அரிசிக்குள்ள தான் இருக்கு. ஒரு கிராம் மிதக்குற அரிசில கிட்டத்தட்ட மூணு நாலு மில்லிகிராம் இரும்பு. அம்மா ஒரு ஸ்பூன் பொறுக்கி எறிஞ்சா பத்து மில்லிகிராமுக்கு மேல போச்சு. யோசிச்சு பாருங்க.

14 நவம்பர் 2024

எதிர்பார்த்த கேள்வி வந்துடுச்சு. "எங்க பாட்டி காலத்துல கீரையும் கம்பும் பழைய சோறும் தின்னு தெம்பா இருந்தாங்க, அரிசில மருந்து கலக்குறது எதுக்கு?"

கம்பு நல்லது தான், 100 கிராம்ல ஆறு மில்லிகிராமுக்கு மேல இரும்பு இருக்கு. கேழ்வரகு, முருங்கைக்கீரை ரெண்டும் நாலரை சொச்சம். ஆனா கீரைல, தானியத்துல இருக்குற இரும்பை உடம்பு முழுசா எடுத்துக்காது, நூத்துல அஞ்சு பத்து பங்கு எடுத்தாலே பெருசு. கூட எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி மாதிரி புளிப்பு இருந்தா கூடும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அதுவும் போச்சு. எங்க ஊர்ல நடவுக்கு போற பொம்பளைங்க காலைல ஒரு டீ, பத்து மணிக்கு சோறு, உடனே ஒரு டீ, மூணு மணிக்கு இன்னொரு டீ. கீரை தின்னாலும் டீ அதை பிடிச்சு வெளிய தள்ளிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்கன்னு மையத்துக்கு வர்ற அம்மாக்கள்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிருக்கு.

மாதுளை, பீட்ரூட் ரெண்டுமே சிவப்பா இருக்குறதால ரத்தம் ஊறும்னு நம்புறோம். மாதுளைல 100 கிராமுக்கு அரை மில்லிகிராம் இரும்பு கூட கிடையாது, பீட்ரூட்ல ஒரு மில்லிகிராமுக்கும் கீழ தான். கிலோ இருநூறு கொடுத்து மாதுளை வாங்குற காசுல முட்டையும் கறியும் வாங்கலாம். அசைவம் சாப்பிடுறவங்களுக்கு பாட்டிமாருங்க சொன்ன வழி தான் பெஸ்ட்: சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல், சுட்டும் தரலாம், மிளகு போட்டு வறுத்தும் தரலாம், அதுல இருக்குற இரும்பை உடம்பு சுலபமா இழுத்துக்கும். (ஈரலும் அப்படித்தான், ஆனா மாசமா இருக்குறவங்க ஈரலை தினமும் சாப்பிட வேணாம், அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி.)

14 நவம்பர் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

பழைய சோறு விட்டுப்போச்சு. "100 கிராம் சோறு ராத்திரி ஊறினா இரும்பு 3.4ல இருந்து 73.91 மில்லிகிராம் ஆகுது"ன்னு ஒரு மெசேஜ் வருஷக்கணக்கா சுத்துது, இங்கயும் ஒருத்தர் போட்டுட்டார். இரும்பு ஒரு தனிமம்ங்க. தண்ணி ஊத்தி மூடி வச்சா முளைக்காது, பானைல என்ன இருந்ததோ அது தான் காலைலயும் இருக்கும். புளிக்கும்போது இரும்பை பிடிச்சு வச்சிருக்குற ஃபைட்டேட்னு ஒண்ணு குறையும், அதனால இருக்குற இரும்பு உடம்புல கொஞ்சம் கூடுதலா சேரும், இது வரைக்கும் நியாயம். செறிவூட்டின அரிசிய வடிச்சு பழைய சோறு ஆக்கி சின்ன வெங்காயம், எலுமிச்சை ஊறுகாயோட சாப்பிட்டா ரெண்டு நன்மையும் சேருதுன்னு நான் நினைக்கிறேன். நீராகாரத்தையும் கீழ ஊத்தாம குடிங்க.

17 நவம்பர் 2024

அரிசிய களைஞ்சு கஞ்சிய வடிச்சா சத்து போயிடுமான்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்வி. இரும்பு அந்த அரிசிக்குள்ள இறுகி இருக்கு, ரெண்டு தரம் களைஞ்சா போயிடாது. ஆனா நிறைய தண்ணி வச்சு வடிச்சா ஃபோலிக் ஆசிட் மாதிரி தண்ணில கரையுற சத்து கொஞ்சம் கஞ்சியோட போகும். நாங்க கஞ்சிய உப்பு போட்டு குடிச்சு வளர்ந்தவங்க, இப்ப பசங்க குடிக்க மாட்டேங்குது, ரசத்துல ஊத்திடுங்க. ரேஷன் அரிசிய இட்லி மாவுக்கு மட்டும் வச்சிருக்குற வீடு தான் அதிகம், அதுவும் சரி தான், அரைச்சா அதுலயே கலந்துடும், சாப்பாட்டுக்கு கடை அரிசி பொங்குனாலும் காலை இட்லில கொஞ்சம் போய் சேரும். மாட்டுக்கு வேக வச்சு போடுறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

21 நவம்பர் 2024

ரெண்டு நாளா ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. மேல நான் எழுதுனதை படிச்சா இந்த அரிசி சாப்பிட்டா ரத்தசோகை போயிடும்னு தோணும். அப்படி யாரும் எடுத்துக்க கூடாது.

அரிசிய செறிவூட்டினா ரத்தசோகை குறையுதான்னு உலகம் பூரா நடந்த ஆய்வுகளை சேத்து பாத்து கோக்ரேன்ங்குற ஆய்வு அமைப்பு போட்ட அறிக்கை 2019ல வந்தது. ரத்தசோகைல பெரிய வித்தியாசம் இல்லாம போகலாம்னு தான் அதுல இருக்கு, ஆதாரமும் அவ்வளவு உறுதியா இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. காரணம் யோசிச்சா புரியுது. அரிசி நிறம் ருசி மாறக்கூடாதுன்னு ஃபெரிக் பைரோபாஸ்பேட்ங்குற இரும்பை போடுறாங்க, அது தண்ணில கரையாது, அதனால தான் சோறு கருக்காம இருக்கு, அதனாலயே வயித்துலயும் மெதுவா தான் சேருது. அப்புறம் ரத்தசோகைன்னாலே இரும்பு குறைவு தான்னு இல்ல. குடல்புழு இருக்கலாம், பி12 குறைவா இருக்கலாம், மாசாமாசம் போக்கு அதிகமா இருக்கலாம், பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறா இருக்கலாம். 2016ல இருந்து 2018 வரை நரம்புல ரத்தம் எடுத்து நடத்துன தேசிய குழந்தைகள் ஊட்டச்சத்து சர்வேல 1ல இருந்து 4 வயசு பிள்ளைங்கள்ல 41 சதவீதத்துக்கு ரத்தசோகை, இரும்புக் குறைவு 32 சதவீதம். விரல்ல குத்தி எடுக்குற குடும்பநல சர்வேல (2019-21) 5 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு அதே நாட்டுல 67.1 சதவீதம்! வயசு கணக்கு கொஞ்சம் வேற தான், ஆனாலும் விரல்ல எடுக்குறதும் நரம்புல எடுக்குறதும் ஒரே முடிவு தராதுன்னு டாக்டருங்களுக்குள்ளயே பெரிய வாக்குவாதம் இருக்கு.

நம்ம மாநிலத்துக்கு அந்த குடும்பநல சர்வே சொல்றது: பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம், சின்ன பிள்ளைங்கள்ல 57.4 சதவீதம். அதுக்கு முந்தின சர்வேல பிள்ளைங்க 50.7. விரல்ல அளந்த கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும், பாதிக்கு மேலன்னு வருதே! சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் பேர் போன மாநிலம் நாம. இதை படிச்சப்போ எனக்கு தூக்கம் வரல.

அதனால என் நிலை இது தான்: அரிசிய எறியாதீங்க, அதே சமயம் அரிசி வருதுன்னு மாத்திரைய நிறுத்தாதீங்க. அரிசி, குறைவு வராம கொஞ்சம் தாங்கும். ஏற்கெனவே கீழ விழுந்த எச்பிய (ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அளவு) தூக்கி நிறுத்துற வேலை அதோடது இல்ல.

22 நவம்பர் 2024

"அப்ப எதுக்கு இவ்வளவு கோடி செலவு"ன்னு கேக்குறார் ஒரு அண்ணன். 2021 ஆகஸ்ட் 15ல பிரதமர் செங்கோட்டைல அறிவிச்சது, 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை 2028 டிசம்பர் வரைக்கும் நீட்டிச்சு 17,082 கோடி ஒதுக்குச்சு. அந்த காசுல பாதிய பருப்பு, முட்டை, எண்ணெய்னு கொடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு சொல்ற டாக்டருங்க இருக்காங்க, எனக்கும் அதுல பாதி மனசு ஒத்துப்போகுது. மீதி பாதி, மையத்துல இருந்த எனக்கு தெரியும், பருப்பு வீட்டுக்கு போனா முதல்ல ஆம்பளை தட்டுக்கு போகும், அப்புறம் பையன் தட்டுக்கு, கடைசியா சட்டிய வழிச்சு சாப்பிடுறவ தட்டுல குழம்போட தெளிவு தான். சோறு மட்டும் தான் அவளுக்கும் வயிறு நிறைய கிடைக்குது. இரும்பு அவளுக்கு போய் சேரணும்னா அது சோத்துல தான் இருக்கணும். இதை ஆராய்ச்சி பண்றவங்க எப்படி பாக்குறாங்களோ, நான் இப்படித்தான் பாக்குறேன்.

25 நவம்பர் 2024

தலசீமியாங்குற பரம்பரை ரத்த நோய் இருக்குற குழந்தையோட அம்மா ஒருத்தங்க இந்த அரிசிய கொடுக்கலாமான்னு கேட்டிருக்காங்க, இது முக்கியம். அடிக்கடி ரத்தம் ஏத்துற பிள்ளைங்களுக்கு உடம்புல இரும்பு ஏற்கெனவே தேங்கி நிக்கும், அதை எடுக்கவே மருந்து கொடுப்பாங்க. மூட்டைல முன்னாடி "தலசீமியா உள்ளவங்க மருத்துவர் ஆலோசனைப்படி சாப்பிடணும்"னு போடணும்னு விதி இருந்தது, 2024ல அதை எடுத்துட்டாங்க, அரிசில வர்ற இரும்பு ரத்தம் ஏத்துறப்போ வர்றதை விட ரொம்ப கொஞ்சம்னு அரசு காரணம் சொல்லுது. இருந்தாலும் அம்மா, உங்க குழந்தைய பாக்குற ரத்தநோய் டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, என்னை மாதிரி ஆளு சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. நீலகிரி மாதிரி அரிவாள் செல் நோய் (அதுவும் பரம்பரை ரத்த நோய் தான்) இருக்குற மலைப்பகுதில ரேஷன் கடையிலயே இதை வாய்விட்டு சொல்ல ஆள் இருக்கணும். கலந்ததுல எனக்கு வருத்தமில்ல. என்ன கலந்திருக்கு, எதுக்கு, யார் யோசிச்சு சாப்பிடணும்னு சாக்கை தூக்கி எடை போடுறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தனை வருஷம் முறத்துல பொறுக்கி எறிஞ்சது மிஞ்சியிருக்கும்.

3 டிசம்பர் 2024

அக்காவோட ரிப்போர்ட்டை தம்பி போட்டிருக்கார், எச்பி 8.6. மாசமா இருக்குறவங்களுக்கு 11 இருக்கணும். 7க்கு கீழ போனா ரொம்ப மோசம், அந்த அளவுக்கு போகல. ஆரம்ப சுகாதார நிலையத்துல சிவப்பு மாத்திரை கொடுத்திருப்பாங்க, அதுல 60 மில்லிகிராம் இரும்பு. மேல போட்ட அரிசி கணக்கோட வச்சு பாருங்க, ஒரே மாத்திரைல ஒன்பதுல இருந்து பதிமூணு நாள் சோத்துல வர்ற இரும்பு. எச்பி இவ்வளவு இறங்கினா டாக்டர் மாத்திரைய கூட்டுவாங்க, இல்ல இரும்பு சுக்ரோஸ் டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, பயப்பட வேணாம், தமிழ்நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இதை செய்றாங்க. என் மருமகளுக்கும் ஏத்தினாங்க.

அக்கா ஏன் மாத்திரைய ஒழுங்கா போடலன்னு கேட்டீங்களா? திட்டாம கேளுங்க. என் மருமகளும் தலைகாணி அடில தான் ஒளிச்சு வச்சிருந்தா. வாந்தி வருது, மலம் கருப்பா போகுது, கட்டிக்குது, அதுக்கு மேல அவங்க அம்மா வீட்டுல "அதை போட்டா பிள்ளை கருப்பா பொறக்கும், பெருசாயிடும், ஆபரேஷன் தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. மலம் கருக்குறது உடம்பு எடுத்தது போக மிச்ச இரும்பு வெளிய வர்றது, அவ்வளவு தான். பிள்ளை நிறம் மாத்திரைல வராது. வெறும் வயித்துல ஒத்துக்கலன்னா ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எலுமிச்சை தண்ணியோட போடச் சொல்லுங்க. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பாங்க, ரெண்டையும் ஒண்ணா முழுங்க கூடாது, பால்லயும் வேணாம், டீல கண்டிப்பா வேணாம். மகப்பேறு நிதியுதவி திட்டத்துல வர்ற பெட்டகத்துல இரும்பு டானிக் இருக்கும், அது பரண்ல தூசி படிஞ்சு கிடக்குதான்னு பாருங்க, பல வீட்டுல அங்க தான் இருக்கு.

பிள்ளை பொறந்ததும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, அதுக்கப்புறமும் 180 நாள் போடணும்.

19 டிசம்பர் 2024

உப்பு பத்தி யாரும் பேசலயே! இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு நம்ம சத்துணவுல இருபது வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு, ராமநாதபுரம் வாலிநோக்கத்துல தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரிக்கிறது. 2014ல அம்மா உப்புன்னு கடைக்கு வந்தப்போ சாதா அயோடின் உப்பை விட இதுக்கு விலை கூட. இரும்பும் அயோடினும் ஒண்ணை ஒண்ணு தொட்டா அயோடின் ஆவியா போயிடும், உப்பும் நிறம் மாறும், அதனால இரும்பு மேல ஒரு பூச்சு போட்டு பிரிச்சு வைக்கிறாங்க. அரிசிய விட உப்பு நல்ல வழின்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், உப்பு வாங்காத வீடு இல்ல. இப்ப யோசிச்சா, கடைல காசு கூட கொடுத்து எடுக்கணும்னா ஏழை வீடு கம்மி விலை உப்பை தான் எடுக்கும், ரேஷன் அரிசி கேக்காமலே வந்து சேருது. பிரஷர் இருக்குறவங்க இரும்புக்காக உப்பை கூட்டிடாதீங்க, போடுற அளவு அதே தான், வாங்குற பாக்கெட் மட்டும் மாறணும்.

8 ஜனவரி 2025

பொண்ணுக்கு 15 வயசு, சாயங்காலம் ஆனா பச்சரிசி டப்பால கைவிட்டு விட்டு மெல்லுறா, அடிச்சும் நிக்கலன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அடிக்காதீங்கம்மா. அரிசி, சாம்பல், மண்ணு, ஐஸ் கட்டி இதெல்லாம் திங்கணும்னு தோணுறது பல நேரம் இரும்பு இல்லாத உடம்பு காட்டுற அடையாளம், கெட்ட பழக்கம் இல்ல. எச்பி பாருங்க, முடிஞ்சா உடம்புல இருக்குற இரும்பு சேமிப்பை காட்டுற ஃபெரிட்டின் டெஸ்டும் எழுதித் தரச் சொல்லுங்க, சில பிள்ளைங்களுக்கு எச்பி சரியா இருக்கும், சேமிப்பு காலியா இருக்கும். ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பாங்க, வாங்கி பேக்ல போட்டுக்கிட்டு வந்துடுதுங்க பிள்ளைங்க, மத்தியான சாப்பாடு முடிஞ்சதும் டீச்சர் முன்னாடியே முழுங்கச் சொல்லணும். இரும்பு சரியானா அந்த அரிசி ஆசை தானா போயிடும், என் கண்ணால பாத்திருக்கேன்.

9 ஜனவரி 2025

இரும்புச் சட்டில சமைச்சா சாப்பாட்டுல இரும்பு சேருமான்னு கேட்டவருக்கு: ஆமா, சேரும். புளிக்குழம்பு, தக்காளி தொக்கு மாதிரி புளிப்பு உள்ளதை இரும்புச் சட்டில வச்சா சட்டில இருந்து இரும்பு இறங்கும். நான்ஸ்டிக் வந்ததும் எங்க வீட்டு தோசைக்கல்லை எடைக்கு போட பாத்தாங்க, நான் விடல. குழம்பை மட்டும் சட்டியிலயே ராத்திரி பூரா விட்டுடாதீங்க, கருத்து கசந்து போயிடும்.

10 பிப்ரவரி 2025

இன்னைக்கு குடற்புழு நீக்க நாள். அங்கன்வாடி, பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் அல்பெண்டசோல் கொடுக்குறாங்க, ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசு வரை அரை மாத்திரை, அதுக்கு மேல ஒண்ணு. கொக்கிப்புழு குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும், அது இருக்குற வரைக்கும் அரிசில போட்டாலும் உப்புல போட்டாலும் ஓட்டைப் பானைல ஊத்துன கதை. வெறுங்காலோட கொல்லைக்கு போற பிள்ளைங்களுக்கு தான் அதிகம், செருப்பு வாங்கிக் கொடுங்க.

பையன் காய்ச்சல்ல படுத்திருக்கான், இன்னைக்கு மாத்திரை கொடுக்கலாமான்னு துறையூர் தங்கச்சி கேட்டிருக்கா. இன்னைக்கு வேணாம்மா, உடம்பு சரியாகட்டும். விட்டுப்போனவங்களுக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் வச்சிருப்பாங்க, அங்கன்வாடி டீச்சர்கிட்ட இப்பவே பேரை சொல்லி வச்சிடு. அப்பவும் தவறினா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா கொடுப்பாங்க. மாத்திரைய மெல்லச் சொல்லு, சின்ன பிள்ளைன்னா பொடிச்சு தண்ணில கரைச்சு கொடு, தொண்டைல சிக்கிடக் கூடாது.